ஆழம் பூச்சியம்

ஆகஸ்டில் வலையில் விழுந்தவள் இளையவள்.
கொம்பு கிடையாது.
அது கொம்புமல்ல, பல்;
நார்வால்களில் ஆணுக்குத்தான் அந்தப் பகட்டு.
இடுப்பளவு நீரில் ஐந்து பேர்
அவளைத் தாங்கி நின்றோம்,
ரப்பர் உடைக்குள் கால்கள் மரத்துப்போக.

கோபன்ஹேகனிலிருந்து வந்த ராக்ன்ஹில்ட்
இதயத் துடிப்பைக் குறித்துவைக்கும் பெட்டியை
உறிஞ்சு குப்பிகளால் முதுகில் ஒட்டினாள்.
முதுகின் மேட்டில் இன்னொன்றையும் முடுக்கினாள்,
செயற்கைக்கோளிடம் பேசுவது,
கட்டைவிரல் தடிமன்.
"நிகோலீனே, நாடி பார்க்கத் தெரிந்தவள் நீதான்.
கையை வை."

சுகாதார நிலையத்தில்
ஊர் மொத்தத்துக்கும் நாடி பிடிக்கிற கை.
வைத்தேன்.
நான்கு விரற்கடைக் கொழுப்பு.
ஒன்றும் தட்டுப்படவில்லை.
விட்டோம். போனாள்.

மூன்றாம் நாள் பெட்டி கழன்று
பனிக்கட்டிகளுக்கிடையே மிதந்தது.
மஸ்ஸாந்தி கொக்கியால் இழுத்து எடுத்தான்.
கூடாரத்தில் கோடுகள் விரிந்தன.

மேலே வந்து மூச்சிழுக்கையில் அறுபது.
இரைக்காக இறங்கும்போது இருபது, பதினைந்து.
அதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.
எங்கள் கைவிட்டு ஓடினாளே,
அந்த முதல் முழுக்கில்
வால் வெறிகொண்டு அடிக்கிறது;
இதயமோ
நிமிடத்துக்கு நான்கு.

ஒரு துடிப்பு.
தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து
காலணி நாடாவை முடிந்து
நாய்கள் எதற்குக் குரைக்கின்றன என்று
தலையை வெளியே நீட்டிப் பார்த்து வந்தால்
அடுத்தது.
என்னிடம் வரும் ஒருவருக்கு இப்படிக் கோடு விழுந்தால்
ஹெலிகாப்டருக்குச் சொன்ன கையோடு
பாதிரியாருக்கும் சொல்லிவிடுவேன்.

"பயந்தால் துள்ள வேண்டும்,
முழுகினால் அடங்க வேண்டும்.
இவளுக்கு இரண்டும் ஒரே நேரத்தில்"
என்றாள் ராக்ன்ஹில்ட்,
பென்சிலைக் கடித்தபடி.
அவளுக்கே கொஞ்சம் குற்றவுணர்வுதான்.
இரத்தம் தோலையும் துடுப்பையும் கைவிட்டு
மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும்
படியளந்துகொண்டிருந்ததாம்.

நுரையீரல்?
ஆழத்தில் அது மடித்த சட்டைபோலச் சுருங்கிவிடும்;
விலா எலும்புகள் முறியாமல் வளைந்து கொடுக்கும்.
அப்படியென்றால் மூச்சை எங்கே வைத்திருக்கிறாள்?

மஸ்ஸாந்தி சிரித்தான்.
"வெட்டிப் பார்த்தவனைக் கேள்."

உண்மைதான். சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன்.
சிவப்பு முற்றி முற்றிக் கறுத்த இறைச்சி,
கறியா கரியா என்று கேட்கத் தோன்றும்.
மனிதர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம்.
இவர்கள் தசையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள்,
ஒன்றரைக் கிலோமீட்டர்,
வெளிச்சமே எட்டாத இடத்துக்கு,
ஒரு தட்டைமீனுக்காக.

செப்டம்பர் கடைசியில்
மஸ்ஸாந்தியின் படகு கரையேறியது.
ஒரு பெண் நார்வால்.
முதுகில் வட்டத் தழும்புகள்,
மேட்டில் அந்தக் கட்டைவிரல்.
அவனுக்கு அனுமதிச் சீட்டு இருந்தது,
நான்கு பிள்ளைகள் இருந்தார்கள்.
கருவியைக் கழற்றித் துடைத்து என்னிடம் நீட்டினான்:
"உன் ஆட்களுடையது."

எனக்கும் பங்கு வந்தது.
தோலும் கொழுப்புமாய் ஒரு துண்டு
அங்கேயே கத்தியால் சிறு சதுரங்களாக்கி
மென்றேன்.
நன்றாக இருந்தது.
இருந்ததை ஏன் மறைக்க வேண்டும்?
இதயத்தை யார் எடுத்துப் போனார்கள் என்று
நான் பார்க்கவில்லை.

கருவியைச் சன்னல் விளிம்பில் வைத்தேன்,
மருந்துப் பட்டியலுக்கும் கெட்டிலுக்கும் நடுவில்.
அணைக்கும் வழி எனக்குத் தெரியாது.
அடுத்த கப்பலில் அனுப்பலாம் என்றிருந்தேன்.

நான்காம் நாள் தொலைபேசி.
"நிகோலீனே, அவள் முழுகவே இல்லை!
நான்கு நாளாய் ஆழம் பூச்சியம்.
வரைபடத்தில் உங்கள் ஊருக்குள் நிற்கிறாள்.
கடற்கரையில் ஒதுங்கிவிட்டாளா?
போய்ப் பார்க்க முடியுமா?"

நான் மூச்சு விடவில்லை.
கெட்டில் கொதிக்க ஆரம்பித்திருந்தது.
பதினைந்து வினாடி இருக்கும்.

"பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றேன்.